பேச்சு முடிந்த பிறகு

தமிழ்நாட்டில் புத்தகக் காட்சியைப் பார்க்காத மாவட்டம் இன்று இல்லை என்றே சொல்லலாம். சென்னையில் 1977-இல் தொடங்கிய வழக்கம் 1998-இல் நெய்வேலிக்கும் 2005-இல் ஈரோட்டுக்கும் போனது. 2022-க்குப் பிறகு அரசு ஆதரவில் மாவட்டந்தோறும் நடக்கிறது. பகல் முழுக்கக் கடைகளைச் சுற்றிய கால்கள் மாலையானால் அரங்கத்துக்குத் திரும்பும். பேராசிரியர்களும் எழுத்தாளர்களும் அங்கே பேசுகிறார்கள். வரலாறு, தொல்லியல், சங்க இலக்கியம், வானியல் என்று எதைப் பேசினாலும் கேட்பதற்கு ஆள் இருக்கிறது. கல்லூரி வாசலை மிதித்திராதவர்களும் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து ஓர் ஆய்வாளரின் உரையைக் கடைசிவரை கேட்பது சிறிய செய்தியல்ல. ஆனால் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, சிறப்புரை, நன்றியுரை, நாட்டுப்பண் என எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்கியிருப்பார்கள். கேட்டவர்கள் வாய் திறக்க மட்டும் நேரம் இருக்காது. அடுத்த நாள் வேறொரு பேச்சாளர், வேறொரு பொருள். நேற்றைய உரையில் ஐயம் எழுந்தவர் அதை யாரிடம் கொண்டுபோவது என்பதற்கு ஏற்பாடு கிடையாது.

பேச்சாளர் சரியாகத் தயாரித்து வரவில்லை, கூட்டம் கைதட்டலுக்காக ஏங்குகிறது, சிரிக்க வைப்பவருக்கே மேடை கிடைக்கிறது என்ற குறைகள் அடிக்கடி காதில் விழுகின்றன. இவை உண்மையாகவே இருந்தாலும் நோயின் அறிகுறிகள்தாம். ஓர் உரையால் ஊருக்கு என்ன மிஞ்சும் என்பது பேச்சாளரின் நாவன்மையைப் பொறுத்ததைக் காட்டிலும், கேட்பவர்கள் அந்த உரைக்கு முன்னும் பின்னும் ஓர் அமைப்பாகத் திரண்டிருக்கிறார்களா என்பதையே பொறுத்தது. தொடர்ந்து கூடுவது, கையில் படிக்க ஏதாவது இருப்பது, திருப்பிக் கேட்க உரிமை இருப்பது, இவற்றையெல்லாம் தன் பொறுப்பில் நடத்த உள்ளூரில் ஒரு நிறுவனம் இருப்பது ஆகிய நான்கும் சேர்ந்த இடத்தில் உரை கல்வியாக மாறியிருக்கிறது. சேராத இடத்தில் நல்ல பொழுதாகக் கழிந்திருக்கிறது. இதற்குத் தமிழ் வரலாற்றிலும் சான்று உண்டு, இங்கிலாந்தின் வரலாற்றிலும் சான்று உண்டு.

தமிழில் பொதுவுரையின் தொடக்கத்தைத் தேடிப் போகிறவர்கள் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைக்கு வந்து சேர்வார்கள். அங்குள்ள சிவன் கோயிலில் 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை மாலை, ஆறுமுக நாவலர் தம் முதல் பிரசங்கத்தைச் செய்தார். அப்போது அவருக்கு வயது 25. வெசுலியன் மிஷன் பள்ளியில் பேர்சிவல் பாதிரியாரிடம் பணியாற்றி, விவிலியத்தின் தமிழாக்கத்துக்கும் துணைநின்றவர் அவர். கிறித்தவப் போதகர்கள் நாள் குறித்து ஆளைக் கூட்டி உரைநடையில் பேசும் முறையை அருகிலிருந்து பார்த்தவர், அதையே சைவத்துக்குப் பயன்படுத்தினார். புராணத்துக்குப் பயன்சொல்லும் பழைய மரபு முன்பே இருந்ததுதான். நாவலர் செய்தது, கோயிலுக்கு வரும் எல்லோருக்கும் புரியும் உரைநடையில், ஒரு கிழமைக்கு ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, வெள்ளிதோறும் பேசியது. அத்தோடு அவர் நிற்கவும் இல்லை. பள்ளி நிறுவினார், அச்சுக்கூடம் வைத்தார், பாலபாடங்களை அச்சிட்டார். பிரசங்கத்தைக் கேட்டவர் வீட்டுக்குப் போய்ப் படிக்கப் புத்தகமும், அவர் பிள்ளை படிக்கப் பள்ளியும் இருந்தன. அவருடைய சமய நோக்கமும், சாதி குறித்த அவர் நிலைப்பாடும் கடும் விமர்சனத்துக்கு உரியவை. ஆனால் பேச்சைத் தனியாக விடாமல் அச்சோடும் பள்ளியோடும் முடிச்சுப்போட்ட அவர் வேலைமுறை தனித்துக் கவனிக்க வேண்டியது.

இருபதாம் நூற்றாண்டில் இந்த முறையைப் பல்கலைக்கழக அறிஞர் ஒருவர் நகரத்துக்குள் கொண்டுவந்ததற்கு ரா.பி. சேதுப்பிள்ளை நல்ல சான்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறையில் பணியாற்றிய அவர், ஒய்.எம்.சி.ஏ. அரங்கில் மூன்றாண்டுகள் கம்பராமாயணம் பேசினார். கோகலே மன்றத்தில் மூன்றாண்டுகள் சிலப்பதிகார வகுப்பு நடத்தினார். தங்கசாலைத் தமிழ் மன்றத்தில் கிழமைதோறும் ஐந்தாண்டுகள் திருக்குறளுக்கு விளக்கம் சொன்னார். கந்தகோட்டத்து மண்டபத்தில் ஐந்தாண்டுகள் கந்தபுராணம் விரித்தார். அவருடைய அடுக்குமொழியைப் பற்றிப் பேசுகிற நாம், இந்த ஆண்டுக் கணக்கைப் பற்றிப் பேசுவதில்லை. ஐந்தாண்டுகள் ஒரே மன்றத்தில் ஒரே நூலைக் கேட்டவர், அந்த நூலை ஓரளவேனும் கற்றவராகிவிடுகிறார். முந்தின கிழமை சொன்னது இந்தக் கிழமை நினைவிருக்க வேண்டும். அடுத்த கிழமையும் அதே முகங்களைப் பார்க்க வேண்டும் என்பதால் பேச்சாளரும் பொறுப்போடு பேச வேண்டும். பல்கலைக்கழக அறக்கட்டளைச் சொற்பொழிவுகளும் இப்படித் தொடராகவே அமைந்தன. உ.வே. சாமிநாதையரின் ‘சங்கத் தமிழும் பிற்காலத் தமிழும்’ சென்னைப் பல்கலைக்கழகச் சார்பில் ஆற்றிய தொடர் உரைகளிலிருந்து வந்தது. நீலகண்ட சாஸ்திரி 1946–47-இல் ஆற்றிய வில்லியம் மேயர் அறக்கட்டளை உரைகள் ஸ்ரீவிஜய வரலாறாக நூலாயின. மேடையில் தொடங்கி அச்சில் முடிவது அன்றைய வழக்கமாக இருந்தது.

இதே காலத்தில் இன்னொரு மேடையும் வளர்ந்துகொண்டிருந்தது. 1907-இல் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் பேசியதும், 1908-இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடியில் பேசியதும் அரசியல் பொதுக்கூட்டம் என்ற வடிவத்துக்கு உயிர் கொடுத்தன. பிறகு காங்கிரசும் திராவிட இயக்கமும் பொதுவுடைமை இயக்கமும் அதை ஊர்தோறும் கொண்டுபோயின. எழுதப் படிக்கத் தெரியாதவரையும் அரசியல்படுத்திய பெருமை அந்த மேடைக்கு உண்டு. ஆனால் அதன் இலக்கணம் வேறு. ஓர் இரவுக்குள் கூட்டத்தை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தாக வேண்டும். கூட்டத்தின் அளவே வெற்றியின் அளவு. கேள்வி கேட்பவர் பெரும்பாலும் எதிர்க்கட்சிக்காரர். கல்விக்கான உரை தன் வகுப்பறைச் சாயலை விட்டு இந்த இலக்கணத்தை ஏற்றுக்கொண்டதுதான் இன்றைய புத்தகத் திருவிழா மேடை என்று கருத இடமிருக்கிறது. ஆய்வாளரும் அங்கே நட்சத்திரப் பேச்சாளராக அழைக்கப்படுகிறார், அப்படியே பேசவும் வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் அனுபவம் இதற்கு மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1867-இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற 24 வயதுக் கேம்பிரிட்ஜ் ஆசிரியரை, வட இங்கிலாந்தில் பெண் கல்விக்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்தவர்கள் அழைத்தார்கள். லீட்ஸ், லிவர்பூல், மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆகிய நகரங்களில் பெண்களுக்கு அவர் தொடர் உரைகள் ஆற்றினார். பல்கலைக்கழகக் கதவு பெண்களுக்கு அடைத்திருந்த காலம் அது. ஒற்றை உரையில் எதுவும் நிலைக்காது என்பது அவருடைய துணிபு. கேட்பவர்கள் குறிப்பெடுக்கத் திணறுவதைக் கண்டு, உரையின் சுருக்கத்தை முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுத்தார். இளைஞர் ஒருவர் பெண்களோடு நேருக்கு நேர் கேள்வியும் பதிலுமாகப் பேசுவது தகாது என்று அன்றைய சமூகம் நினைத்ததால், கேள்விகளை எழுத்தில் கொடுத்து, பதில்களை அஞ்சலில் வாங்கித் திருத்தி அனுப்பினார். நாணத்தின் பேரில் வந்த கட்டுப்பாடு கடைசியில் நல்ல கற்பித்தல் முறையாக விளைந்தது. வாய் திறக்கக் கூசுகிறவர்கூடத் தாளில் எழுதுவார். எழுதும்போது தனக்கு எது புரியவில்லை என்பது எழுதுகிறவருக்கே தெரிந்துவிடும்.

அடுத்த பாடத்தை அவருக்குக் கற்பித்தவர்கள் ராச்டேல் தொழிலாளர்கள். 1844-இல் நெசவாளர்களும் பிற கைவினைஞர்களும் சேர்ந்து அங்கே தொடங்கிய கூட்டுறவுச் சங்கம், இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கி நூலகமும் படிப்பகமும் நடத்திவந்தது. ஸ்டூவர்ட் அங்கே ஒரு தொடர் உரை ஆற்றிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் அவசரமாகப் புறப்பட வேண்டியிருந்ததால், விளக்கப் படங்களைச் சுவரிலேயே விட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் வந்தபோது மண்டபக் காவலர் அவரிடம் ஒரு சேதி சொன்னார். இடையில் கூடிய உறுப்பினர்கள் அந்தப் படங்களின் முன்னால் நின்று விவாதித்திருக்கிறார்கள். அவரிடம் கேட்கக் கேள்விகள் சேர்த்து வைத்திருக்கிறார்கள். உரை தொடங்குவதற்கு முன்பே வந்து கேட்கப் போகிறார்கள். உரையோடு சேர்ந்த ‘வகுப்பு’ என்ற ஏற்பாடு இப்படித்தான் பிறந்தது. இதில் பேச்சாளரின் திறமைக்குப் பங்கு குறைவு. படம் தங்கியது, மண்டபம் திறந்திருந்தது, கூடுவதற்கு ஏற்கெனவே ஒரு சங்கம் இருந்தது. வந்து போகும் அறிஞரைச் சுற்றி வந்து போகாத ஓர் அமைப்பு இருந்ததால்தான் கேள்வி பிறந்தது.

இந்த முறையை 1873-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தன் அதிகாரபூர்வப் பணியாக ஏற்றது. நாட்டிங்காம், டெர்பி, லெஸ்டர் நகரங்களில் விரிவாக்க உரைகள் தொடங்கின. நாட்டிங்காமில் அந்த ஆர்வமே 1881-இல் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியாக எழுந்தது. ஆனால் இதே இயக்கம் தன் பலவீனத்தையும் காட்டியது. கட்டணத்தில் ஓடிய உரைகள், கட்டணம் செலுத்தக் கூடியவர்களிடமே போய்ச் சேர்ந்தன. பகல் உரைகளுக்கு ஓய்வுள்ள நடுத்தர வர்க்கத்தினரும், மாலை உரைகளுக்கு எழுத்தர்களும் ஆசிரியர்களும் வந்தார்கள். வடக்கே நார்தம்பர்லாந்தின் சுரங்கத் தொழிலாளர்கள் மட்டும் தங்களுக்குள் குழு அமைத்துக்கொண்டு பேராவலோடு கேட்டார்கள். 1887 வேலைநிறுத்தம் அவர்கள் கையில் காசில்லாமல் செய்ததும் அந்த உரைகளும் பெரும்பாலும் நின்றுபோயின. ஆர்வம் குன்றியதால் நேர்ந்த முடிவல்ல அது. உரைக்கான செலவு கேட்பவரின் சட்டைப்பையை நம்பியிருந்தால், கேட்பவரின் கெட்ட காலம் உரைக்கும் கெட்ட காலம்தான்.

ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் 1903-இல் தொடங்கிய தொழிலாளர் கல்விச் சங்கம் இந்த ஓட்டையை அடைக்க முயன்றது. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்த அவர், பல்கலைக்கழகத்தையும் தொழிற்சங்கத்தையும் கூட்டுறவுச் சங்கத்தையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார். 1908 ஜனவரியில் ஆர்.எச். டானி என்ற இளம் பொருளியல் வரலாற்று அறிஞர், வெள்ளி மாலையில் மட்பாண்டத் தொழில் ஊரான லாங்டனிலும், சனிக்கிழமை ராச்டேலிலும் வகுப்பெடுக்கத் தொடங்கினார். ஒரு வகுப்பில் முப்பது பேர் அளவுக்குத்தான் சேர்க்கை. ஆண்டுக்கு 24 கூட்டங்கள். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். முதல் மணி உரை, இரண்டாம் மணி விவாதம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் கட்டுரை எழுத வேண்டும். விடாமல் வருவதாகவும் எழுதுவதாகவும் முன்பே வாக்குக் கொடுத்தவர்களே சேர்ந்தார்கள். என்ன பாடம் என்பதிலும் அவர்கள் சொல்லுக்கு மதிப்பிருந்தது. ஆலையில் வாரம் முழுக்க உழைத்தவர்கள் இதை ஏற்றுக்கொண்டார்கள். பொதுமக்களுக்குச் சொன்னால் எளிதாகச் சொல்ல வேண்டும், சுருக்கமாகச் சொல்ல வேண்டும், சிரிக்க வைக்க வேண்டும் என்ற நம் எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடைக்காது.

நம்மிடம் இன்றுள்ள ஒரு பொருளை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். கீழடியைப் பற்றிய உரை எந்த ஊரிலும் கூட்டத்தை ஈர்க்கிறது. நான்காம் கட்ட அகழாய்வு பற்றி 2019-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிம மாதிரியின் காலம் பொ.ஆ.மு. 580 என்றது. மேடையில் இது ‘2,600 ஆண்டுப் பழமை’ என்ற ஒற்றை வரியாகிறது, கைதட்டல் எழுகிறது, உரை அடுத்த செய்திக்குப் போய்விடுகிறது. தொடர் வகுப்பாக இருந்தால் அந்த வரியில்தான் வேலை தொடங்கும். 200 செ.மீ. ஆழத்து மாதிரியின் காலம் பொ.ஆ.மு. 205 என்று அதே அறிக்கை சொல்வதை எப்படிச் சேர்த்துப் படிப்பது? கரியின் காலம் அந்த மண்ணடுக்கின் காலமாகுமா, அடுக்கின் காலம் அதில் கிடந்த பானை ஓட்டின் காலமாகுமா, ஓட்டின் காலம் அதில் கீறிய எழுத்தின் காலமாகுமா? ஒவ்வொரு படியிலும் தொல்லியலாளர் என்ன சான்று கேட்பார்? இவை நிபுணர்களுக்கு மட்டும் உரிய கேள்விகள் என்று ஒதுக்க வேண்டியதில்லை. பள்ளிப் படிப்பு முடித்த எவரும், அறிக்கையின் ஒரு பக்கம் கையில் இருந்தால், அரைமணி நேரத்தில் பின்தொடரக் கூடியவை. இவற்றைக் கடந்து வந்தவர் கீழடியைப் பற்றிக் கொள்ளும் பெருமிதத்துக்கு அடித்தளம் இருக்கும். மறுப்பவர் வந்தால் கோபப்படாமல் பதில் சொல்லவும் தெரியும்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, இருபத்துநான்கு வாரம் வருவதற்கு இன்று யாருக்கு நேரம் இருக்கிறது, பெருங்கூட்டத்தின் ஒற்றை உரைதான் ஒரு பொறியைப் போடுகிறது என்பது. பொறி உண்மைதான். ஓர் உரையைக் கேட்டுவிட்டு ஒரு நூலை வாங்கி, அந்த நூலால் திசை மாறியவர்கள் இருக்கவே செய்வார்கள். ஸ்டூவர்ட்டும் பேருரையைக் கைவிடச் சொல்லவில்லை. பேருரைக்கு எல்லோரும் வந்தார்கள், வகுப்புக்கு விரும்பியவர் மட்டும் இருந்தார்கள். ஆயிரம் பேர் கேட்டதில் முப்பது பேர் மேலும் கற்க விரும்பினால், அந்த முப்பது பேருக்குப் போக ஓர் இடம் வேண்டும் என்பதே இங்கே கேட்பது. இன்றைய ஏற்பாட்டில் அவர்களும் மற்ற தொள்ளாயிரத்து எழுபது பேரோடு பேருந்துக்கு ஓட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, கேள்வி நேரம் வைத்தால் என்ன நடக்கும் என்று அமைப்பாளர்களுக்குத் தெரியும் என்பது. ஒலிவாங்கி கைக்கு வந்தவர் தானே ஓர் உரை ஆற்றத் தொடங்குவார். சாதியும் மதமும் கட்சியும் உள்ளே வரும். பேச்சாளரைச் சங்கடப்படுத்தவே சிலர் எழுவார்கள். அச்சம் நியாயமானது. ஆனால் இந்தச் சிக்கலுக்கு 1867-இலேயே விடை இருந்தது: எழுதிக் கேட்பது. உரைக்கு முன்பே ஒரு பக்கச் சுருக்கத்தைக் கொடுத்து, முடிவில் துண்டுச் சீட்டில் கேள்விகளை வாங்கி, ஒரே மாதிரியானவற்றைத் தொகுத்துப் பதில் சொன்னால் குரல் வலுத்தவரின் ஆதிக்கம் குறையும். கூட்டத்தில் எழுந்து நின்று பேசத் தயங்கும் பெண்களின் கேள்வியும் மாணவர்களின் கேள்வியும் மேடைக்கு வந்து சேரும். தவிர, கேள்வி கேட்டுப் பழகாத கூட்டத்தில்தான் முதல் கேள்வி சொற்பொழிவாக வெடிக்கிறது. அடுத்த வாரமும் கேட்கலாம் என்று தெரிந்தவருக்கு அவசரம் இராது.

மூன்றாவது மறுப்பு கல்விப்புலத்திலிருந்து வருவது. ஊர்மக்களுக்குப் பேசப் போனால் ஆய்வு நீர்த்துப்போகும், ஆய்வாளரின் நேரமும் வீணாகும் என்பார்கள். டானியின் வாழ்க்கை இதற்கு நேர்மாறாகச் சாட்சி சொல்கிறது. பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நிலப் பிரச்சினை பற்றி 1912-இல் அவர் வெளியிட்ட பேராய்வு, இந்த வகுப்புகளை நடத்திய ஆண்டுகளில் உருவானது. அதன் முன்னுரையில், நூல்களிலிருந்து எளிதில் கிடைக்காததை நெசவாளர்களும் குயவர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் பொறியாளர்களும் தமக்குக் கற்பித்ததாக நன்றியோடு பதிவு செய்தார். கூலியையும் குத்தகையையும் உடலால் அறிந்தவர்கள் முன்னால் பொருளியல் வரலாற்றைப் பேசும்போது, வெறும் கோட்பாடாக ஒன்றைச் சொல்லித் தப்பிக்க முடியாது. ஏரிப் பாசனத்தைப் பற்றி ஆய்வு செய்தவர் மடை திறந்து பழகியவர்கள் முன்னால் பேசினாலும் இதுவே நிகழும். ஆனால் அவர்கள் பதில் பேச முடிந்தால்தான் அது நிகழும்.

நான்காவது, காணொளி வந்துவிட்ட பிறகு உள்ளூர் உரை எதற்கு என்பது. விரும்பிய அறிஞரின் உரையை விரும்பிய நேரத்தில் கைப்பேசியில் கேட்கலாம் என்பது பெரும் வசதி. சிற்றூர் மாணவர்களுக்கு அது ஒரு வரம். அந்த வசதி தீர்ப்பது தொலைவை மட்டுமே. காணொளி நம்மைக் கேள்வி கேட்காது, நாம் எழுதியதைத் திருத்தாது, நம் ஊர்க் கல்வெட்டைப் பற்றி நாம் சொல்வதைக் கேட்டுத் தன் கருத்தை மாற்றிக்கொள்ளாது. உண்மையில் காணொளியின் வரவு ஒற்றை உரையின் தேவையைக் குறைத்து, கூடி விவாதிக்கும் தேவையை அதிகமாக்கியிருக்கிறது. உரையை வீட்டிலேயே கேட்டுவிட்டு வந்து, கூடும் இரண்டு மணி நேரத்தையும் விவாதத்துக்கே கொடுக்கலாம். ராச்டேலில் சுவரில் தொங்கிய படத்தின் வேலையை இன்று காணொளி செய்யும்.

எஞ்சுவது யார் நடத்துவது, யார் செலவு செய்வது என்ற கேள்வி. ராச்டேலில் இருந்தது போன்ற கூட்டுறவுச் சங்கம் நமக்கு எங்கே என்று கேட்கலாம். நமக்கு அதைவிட அகலமான ஒன்று இருக்கிறது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில்தான் இயற்றப்பட்டது. அதன் பின்னணியில் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் நீண்ட உழைப்பு இருந்தது. அதற்கும் முன்பே 1931-இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். இன்றும் சொத்து வரி செலுத்தும் ஒவ்வொருவரும் அதனோடு ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரி செலுத்துகிறார்கள். ராச்டேல் தொழிலாளர்கள் தாமாக முன்வந்து ஒதுக்கிய இரண்டரை விழுக்காட்டுக்கு இணையான ஏற்பாடு இங்கே சட்டமாகவே இருக்கிறது. கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற பெயரில் ஓர் அமைப்பும் இருக்கிறது. பல ஊர்களில் அது ஆண்டுவிழாவோடு நின்றுவிடுகிறது என்பதுதான் குறை. 1980 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு அறிவியல் இயக்கம், சொற்பொழிவோடு செய்முறையையும் வானோக்கலையும் சேர்த்து, அறிஞரும் ஊரும் சந்திக்க வேறு வழிகளும் உண்டு என்று காட்டியிருக்கிறது.

ஆகவே வேண்டியது புதிய மேடைகளல்ல, இருக்கும் இரண்டை இணைப்பதுதான். புத்தகத் திருவிழாவுக்கு ஓர் ஆய்வாளரை அழைக்கும்போதே, அந்தப் பொருளில் அடுத்த ஆறு வாரம் கூட விரும்பும் வாசகர்களின் பெயரை மாவட்ட மைய நூலகம் பதிவு செய்துகொள்ளலாம். உரையின் சுருக்கமும் படிக்க வேண்டிய இரண்டு மூன்று நூல்களின் பெயரும் அரங்க வாசலிலேயே கிடைக்கலாம். அந்த நூல்கள் நூலகத்தில் போதிய படிகளோடு இருக்கலாம். ஆறு வாரத்தையும் அதே பேச்சாளர் நடத்த வேண்டியதில்லை. அருகிலுள்ள கல்லூரி ஆசிரியர் ஒருவர் போதும். தொடக்கத்திலும் முடிவிலும் ஆய்வாளர் வந்தால் போதும். பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஆகும் செலவை அச்சிட்ட தாளுக்கும் நூற்படிகளுக்கும் திருப்பினாலே பாதி வேலை முடியும். இதையெல்லாம் செய்த பிறகு ஒரு மாலை உரையை எப்படி மதிப்பிடுவது என்ற அளவுகோலும் மாறிவிடும். எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையை அன்று இரவே சொல்லிவிடலாம். அந்த உரையால் எத்தனை பேர் இரண்டாம் முறை கூடினார்கள் என்ற கணக்கை எடுக்கச் சில வாரங்கள் ஆகும். அமைப்பாளர்கள் கேட்க வேண்டியதும், அடுத்த ஆண்டுப் பேச்சாளர்களைத் தேர்ந்தெடுக்கும்போது எடுத்து வைத்துப் பார்க்க வேண்டியதும் அந்த இரண்டாவது கணக்கைத்தான்.